டீக்கடையில் விழுந்த அறைக்கு யார் புகார் கொடுப்பது?

கேள்வி: வணக்கம் மேடம். திருப்பூரில் சின்னதாக ஒரு ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். முப்பது பேர் வேலை பார்க்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் பீகார், ஒடிசா, அசாம் பக்கம். என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் லைன் வீட்டில்தான் தங்க வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, சம்பளம் வாங்கிக்கொண்டு போன அசாம் பையன் ஒருவனை டீக்கடை முன்னால் நாலு பேர் மறித்து, "டேய் சைனாக்காரா" என்று கிண்டல் செய்து, அறைந்து, அதை வீடியோவும் எடுத்திருக்கிறார்கள். செல்போனைப் பிடுங்கி, உடைத்துத்தான் திருப்பிக் கொடுத்தார்களாம். அவன் புகார் வேண்டாம் என்கிறான். கான்ட்ராக்டரும் "விடுங்கக்கா, பெருசு பண்ணாதீங்க" என்கிறார். ரெண்டு நாள் கழித்து எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில், வடநாட்டு ஆட்கள் பிள்ளை பிடிக்கிறார்கள் என்று ஒரு வீடியோ வந்தது. அதை அனுப்பியவர்களில் பிளஸ் டூ படிக்கும் என் மகனும் ஒருவன். கேட்டால், "எல்லாரும்தான் போடறாங்க" என்கிறான். என் ஆட்கள் பொழுது சாய்ந்தால் வெளியே போகப் பயப்படுகிறார்கள். தெருவிலோ, "உங்களாலதான் இவங்க இங்க வந்து குவியறாங்க" என்று என்னையே பேசுகிறார்கள். பெரிதாக ஏதாவது வெடித்துவிடுமோ என்று இருக்கிறது. இதையெல்லாம் அரசாங்கமும் போலீசும்தானே பார்க்க வேண்டும்? என்னைப் போல ஒருத்தி என்ன செய்ய முடியும்?

வாசகி, திருப்பூர்

பதில்: வணக்கம். உங்கள் கடிதத்தில் பெரும்பகுதி இனி வரக்கூடிய கலவரத்தைப் பற்றிய பயம். என்னை உறுத்துவது வந்துபோன அந்தச் சனிக்கிழமை. அங்கேயே தொடங்குகிறேன்.

தொழிலாளர் வழக்கும் அடிதடி வழக்கும் பார்க்கிற வக்கீல் நான். வெளிமாநிலத்து ஆள் ஒருவர் மண்டை உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் வழக்கு என்னிடம் வரும்போது முன்கதையைக் கேட்பேன். அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கும். அதே தெரு, சில சமயம் அதே ஆட்கள், கொஞ்ச நாள் முன்னால் ஒரு அறை, அதற்கு முன்னால் பறிபோன ஒரு செல்போன், அதற்கும் முன்னால் தினசரிக் கிண்டல். எதற்கும் ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. இவர்களை அடித்தால் கேட்க நாதியில்லை என்பதை அடிக்கிறவர்கள் இப்படித்தான் படிப்படியாகத் தெரிந்துகொள்கிறார்கள். உங்கள் டீக்கடை ஆட்கள் அதை வீடியோவாகவே எடுத்து வைத்திருக்கிறார்கள். அந்த வீடியோ எத்தனை போனுக்குப் போயிருக்கிறதோ அத்தனை பேருக்கும் இப்போது அது தெரியும்.

அதனால் புகார் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் முதல் ஆலோசனை. ஆனால் அந்த இளைஞர் ஏன் வேண்டாம் என்கிறார் என்று முதலில் பாருங்கள். ஸ்டேஷனுக்குப் போனால் ஒரு ஷிப்ட் சம்பளம் போகும். தமிழ் தெரியாது. "உன் ஆதாரைக் காட்டு, எங்கிருந்து வந்தாய்" என்று கேள்வி தன் பக்கமே திரும்பும் என்ற பயம் இருக்கும். கான்ட்ராக்டருக்குப் பிடிக்காவிட்டால் வேலை போகும். இந்த நாலு காரணங்களில் மூன்றை நீங்களே நீக்க முடியும். அன்றைய சம்பளத்தைப் பிடிக்க மாட்டேன் என்று சொல்லுங்கள். நீங்களே கூடப் போங்கள். கான்ட்ராக்டரிடம், "இந்த விஷயத்துக்காக அவரை வேலையை விட்டு அனுப்பினால் உங்களுக்கும் எனக்கும் கணக்கு முடிந்தது" என்று நேரடியாகச் சொல்லிவிடுங்கள். அப்புறம் மொழி. கான்ட்ராக்டரை மொழிபெயர்ப்பாளராக அழைத்துப் போகாதீர்கள். அவருக்குப் பிரச்சினை முடிந்தால் போதும். அசாமிலிருந்து வந்தவருக்கு இந்தியும் அவ்வளவாக வராமல் இருக்கலாம். அவர் மொழியும் ஓரளவு தமிழும் தெரிந்த சக தொழிலாளி ஒருவர் போதும். எல்லாம் சொல்லியும் அவர் மறுத்தால் வற்புறுத்த வேண்டாம், அது அவர் உடம்பில் விழுந்த அடி. ஆனால் பெரும்பாலோர் மறுப்பது தனியாகப் போகத்தான்.

புகாரை எழுதும் விதத்தில்தான் பல பேர் கோட்டை விடுகிறார்கள். "என்னை அடித்தார்கள்" என்று ஒரே வரி எழுதினால், இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 115(2) பிரிவு, சாதாரணக் காயம். அது பிடியாணை இல்லாமல் போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் இல்லை. மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாமல் விசாரணைகூடத் தொடங்க முடியாது. புகார் வாங்கியதற்கு சி.எஸ்.ஆர். என்று ஒரு ரசீதைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், அதோடு கதை முடியும். நடந்ததோ அவ்வளவு மட்டும் இல்லை. நாலு பேர் சேர்ந்து வழியை மறித்தார்கள். அது 126(2), போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடியது. ஆபாசமாகத் திட்டியிருந்தால் 296. மிரட்டினார்களா, ஹெல்மெட்டோ கட்டையோ கையில் இருந்ததா, போனை யார் பிடுங்கினார்கள், யார் உடைத்தார்கள், யார் வீடியோ எடுத்தார்கள் என்று நடந்தது நடந்தபடி வரிசையாக எழுதுங்கள். போலீஸ் பதியக்கூடிய குற்றம் ஒன்று உள்ளே இருந்தால் போதும், முழு வழக்கையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இல்லாததை மட்டும் ஒரு சொல்லும் சேர்க்காதீர்கள். இரண்டு வரி மிகைப்படுத்திய புகாரை எதிர்த்தரப்பு வக்கீல் கூண்டில் வைத்து நார் நாராகக் கிழிப்பார்.

இன்னொன்றும் அவசியம் எழுதுங்கள்: அவர்கள் சொன்ன வார்த்தைகள். "சைனாக்காரா" என்று சொன்னார்கள், இன்னின்ன கெட்ட வார்த்தை சொன்னார்கள் என்று அப்படியே. இதை எழுதாவிட்டால் அது டீக்கடை வாய்த்தகராறு என்ற கணக்கில் போய்விடும். ஏன் இந்த ஆளை மறித்தார்கள், பக்கத்தில் நின்ற உள்ளூர் ஆளை ஏன் மறிக்கவில்லை என்பதற்குப் பதில் அந்த வார்த்தைகளில்தான் இருக்கிறது. இப்படி வாய்த்தகராறாக எழுதப்பட்டுப் போனவை எத்தனை என்று யாராலும் எண்ண முடியாது. எண்ண முடியாததற்கு எந்த அரசும் திட்டம் போடாது.

ஒரு மாதம் ஆகிவிட்டதே என்றால், சட்டப்படி காலம் கடந்துவிடவில்லை. தாமதத்துக்கான உண்மைக் காரணத்தை, பயத்தையும் மொழியையும், புகாரிலேயே சொல்லிவிடுங்கள். டீக்கடை கேமராப் பதிவு இந்நேரம் அழிந்திருக்கலாம். எதிர்க்கடையில், பக்கத்து நிறுவனத்தில் கேட்டுப் பாருங்கள். அவர்கள் எடுத்த வீடியோ இன்னும் சுற்றிக்கொண்டிருந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது, சேமித்து வையுங்கள். நிலையத்தில் வாங்க மறுத்தால் மாநகரப் பகுதி என்றால் காவல் ஆணையர் அலுவலகத்துக்கும், புறநகர் என்றால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பலாம்; அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். "எங்கள் எல்லை இல்லை" என்ற பதிலை ஏற்காதீர்கள். குற்றம் எங்கே நடந்தாலும் எந்த நிலையத்திலும் பதிவு செய்யலாம். வக்கீல் செலவு பற்றிக் கவலை வேண்டாம். ஆலைத் தொழிலாளர்களுக்கும், இன வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இலவச உதவி தருகிறது. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். அந்த இளைஞர் பழங்குடி வகுப்பைச் சேர்ந்தவரா என்றும் விசாரியுங்கள். அப்படியானால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றிப் பேச வேண்டும். வேறு மாநிலப் பட்டியலில் இருப்பவருக்கு இங்கே பொருந்தாது என்று எதிர்த்தரப்பு வாதாடலாம். பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2023-இல் நாடு முழுவதும் பொருந்தும் என்றே சொன்னது.

"அரசாங்கம்தானே பார்க்க வேண்டும்" என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்கத்தான் வேண்டும். 2014 ஜனவரியில் டெல்லி லாஜ்பத் நகரில் அருணாச்சலப் பிரதேசத்து மாணவர் நிடோ தானியாவின் தலைமுடியைக் கடைக்காரர்கள் கிண்டல் செய்தார்கள். அதில் தகராறு வந்து அடித்தார்கள். மறுநாள் அவர் இறந்துபோனார். நாடே கொந்தளித்தது. மத்திய அரசு பெஸ்பருவா என்பவர் தலைமையில் ஒரு குழு அமைத்தது. அந்த ஆண்டு ஜூலையிலேயே அறிக்கையும் வந்துவிட்டது. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 153சி, 509ஏ என இரண்டு புதிய பிரிவுகள் வேண்டும். இனத்தை வைத்துத் தாக்குவதும், சொல்லாலோ சைகையாலோ இழிவு செய்வதும் தனிக் குற்றமாக வேண்டும். வடகிழக்கின் வரலாறு பாடப் புத்தகத்தில் வர வேண்டும். தனிப் போலீஸ் பிரிவு வேண்டும் என்றெல்லாம் அது சொன்னது. டெல்லியில் வடகிழக்கு மக்களுக்கென்று ஒரு போலீஸ் பிரிவும் 1093 என்ற உதவி எண்ணும் இருக்கின்றன. அந்த இரண்டு சட்டப் பிரிவுகள் மட்டும் வரவேயில்லை. 2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டமே புதிதாக மாறியது, அப்போதும் வரவில்லை. 2020 மார்ச்சில், கொரோனாவைச் சாக்காக வைத்து அதே முகங்களைப் பார்த்துத் துப்பியவர்களும் வீட்டைக் காலி செய்யச் சொன்னவர்களும் உண்டு. மாநிலங்களுக்கு உள்துறை அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியதோடு சரி.

புதிய சட்டத்தில் ஒன்று வந்தது. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து இனம், சாதி, பிறந்த இடம், மொழி போன்ற காரணத்துக்காக ஒருவரைக் கொன்றால் 103(2)-இன் கீழ் மரண தண்டனை அல்லது ஆயுள். கொடுங்காயம் என்றால் 117(4), ஏழு ஆண்டு வரை. நல்லதுதான். ஆனால் கணக்கைப் பாருங்கள்: கொலைக்குச் சட்டம் இருக்கிறது, அறைக்கு இல்லை. இனத்தைச் சொல்லி அடித்தது நாலு பேர் என்றாலே இந்தப் பிரிவு கைக்கு வராது. மேலே தடியும் கீழே ஓட்டையுமாக இருக்கிற இந்த ஏற்பாட்டில், கீழ்ப்பகுதியை உங்களைப் போன்றவர்கள் கொடுக்கும் சாதாரணப் புகார்தான் அடைக்க வேண்டியிருக்கிறது.

மேலே இருக்கும் ஒன்றையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கும்பல் கொலைகளைத் தடுக்க உச்ச நீதிமன்றம் 2018 ஜூலையில், தெஹ்சீன் பூனாவாலா வழக்கில், ஒவ்வொரு மாவட்டத்திலும் கண்காணிப்பாளர் அந்தஸ்துக்குக் குறையாத ஒரு போலீஸ் அதிகாரியைப் பொறுப்பாளராக நியமிக்க வேண்டும் என்றது. உங்கள் மாவட்டத்தில் அவர் யார் என்று உங்கள் தொழில் சங்கத்தின் லெட்டர்பேடில் எழுதிக் கேளுங்கள். தனியாளாக நீங்கள் கேட்டால் பதில் வர நாளாகும், சங்கம் கேட்டால் சீக்கிரம் வரும். பெயரும் எண்ணும் வந்ததும் ஒவ்வொரு யூனிட் வாசலிலும் இந்தி, ஒடியா, தமிழ் மூன்றிலும் ஒட்டச் சொல்லுங்கள்.

இப்போது அந்தப் பிள்ளை பிடிக்கிற வீடியோ. இதில் உங்கள் மகனும் இருப்பதால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூர் என்ற ஊருக்கு, குலதெய்வக் கோயிலுக்கென்று ஒரு குடும்பம் காரில் போனது. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர்களும் கூட இருந்தார்கள். அப்போது வாட்ஸ்அப்பில், வடநாட்டுக் கும்பல் பிள்ளை பிடிக்க வந்திருக்கிறது என்று வட மாவட்டங்கள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குடும்பத்தில் 65 வயது அம்மா ஒருவர் வழியில் இருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். ஊரே திரண்டு காரை மறித்து அடித்தது. அந்த அம்மா இறந்துபோனார். அவர் சென்னைக்காரர். தமிழ்தான் பேசினார், தமிழில்தான் கெஞ்சியிருப்பார். அதே வாரம் பழவேற்காட்டில் ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அந்த வதந்திகளில் பிடிபட்ட பிள்ளை என்று ஒன்றுகூடக் கிடையாது. நாடு முழுக்க இப்படி நடந்த பிறகுதான், அந்த ஆண்டு ஜூலையில், வந்த செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கோ ஐந்து குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு வைத்தது. 2024 தொடக்கத்தில் அதே கதை தமிழ்நாட்டில் மறுபடி கிளம்பியது. பொய் என்று போலீஸ் மறுபடி அறிக்கை விட வேண்டியதாயிற்று.

உங்கள் மகனிடம் சட்டப் பிரிவில் ஆரம்பிக்காதீர்கள். 353, 196 என்று வதந்திக்கும் பகைமூட்டலுக்கும் பிரிவுகள் இருக்கின்றன, பதினேழு வயதுக்காரன் சிறார் நீதிக் குழுமத்தின் முன்னால் நிற்கவும் நேரலாம். அதைக் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம். அத்திமூர் கதையைச் சொல்லுங்கள். பிறகு அந்த வீடியோவை இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். அதில் பேசுவது எந்த மொழி, கடைப் பலகையில் என்ன எழுத்து, வண்டி நம்பர் எந்த மாநிலம், ஒரு பிரேமை எடுத்துக் கூகுளில் தேடினால் எந்த வருடத்துச் செய்தி வருகிறது என்று அவனையே கண்டுபிடிக்க விடுங்கள். இந்த வேலையில் பிள்ளைகள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். கண்டுபிடித்ததை அவன் அதே குழுவில், அதே ஆட்களுக்கு, தானே போட வேண்டும். அனுப்பியதை அழித்துவிட்டால் போதாது. போட்டால் கிண்டல் செய்வார்களே என்று தயங்குவான். தயக்கம் நியாயம்தான், நீங்கள் முதல் ஆளாக அவன் பதிவுக்குக் கீழே ஆதரவாக எழுதுங்கள். மன்னிப்புக் கேள் என்று லைன் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தும் நாடகம் மட்டும் வேண்டாம். அவனுக்கு அவமானம், அவர்களுக்குச் சங்கடம்.

வதந்தியில் ஒரு பாதியைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். இன்னொரு பாதி இந்தியில், லைன் வீட்டுக்குள் இருக்கும் போன்களில் ஓடிக்கொண்டிருக்கும். 2012 ஆகஸ்டில் பெங்களூரிலிருந்து வடகிழக்கு மக்கள் ஆயிரக்கணக்கில் குவாஹாத்தி ரயில்களில் ஏறிப் போனதற்கு, அவர்களுக்குள்ளேயே சுற்றிய குறுஞ்செய்திகளும் படங்களும்தான் பெரிய காரணம். மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்புவதை நாளுக்கு ஐந்து என்று அரசு அப்போது சுருக்கியது. 2023 மார்ச்சை நீங்களே கண்ணால் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் பீகாரிகளைக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பாட்னா வரை போய், சட்டசபையில் பேசப்பட்டு, பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே இங்கே அனுப்பியது. அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு விளக்கம் கொடுத்தார்: ஒரு வீடியோ திருப்பூரில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர் ஆட்களுக்குள் நடந்தது. ஹோலிக்கு ஊருக்குப் போகும் கூட்டத்தைப் படம் பிடித்து, உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள் என்று வேறு போட்டார்கள். மெஷின்கள் சும்மா கிடந்தது உங்களுக்குத்தானே தெரியும்.

அதனால் லைன் வீட்டில் ஒருவரை, எல்லோரும் மதிக்கிற ஆளாகப் பார்த்து, உங்களிடம் எந்த நேரமும் பேசலாம் என்று சொல்லி வையுங்கள். அவர்கள் போனில் பயமுறுத்தும் வீடியோ வந்தால் அது அன்றைக்கே உங்கள் காதுக்கு வர வேண்டும். தெருவில் ஏதாவது கிளம்பினால் நீங்கள் அன்றைக்கே அவரிடம் சொல்ல வேண்டும். வதந்திக்கு முதல் சில மணி நேரம்தான் உயிர். அதற்குள் தெரிந்த குரல் ஒன்று "நான் விசாரித்தேன், அப்படி இல்லை" என்று சொன்னால் பாதி அடங்கிவிடும். தெருக் குழுவின் அட்மினிடமும் பேசுங்கள். ஆதாரம் இல்லாத வீடியோவை நீக்குவதாக அவர் ஒரு வரி எழுதினாலே போதும். எழுத மறுத்தால், நாளைக்கு விசாரணை வந்தால் முதலில் தட்டப்படும் கதவு உங்களுடையது என்று தன்மையாக நினைவூட்டுங்கள்.

பள்ளிக்கூடம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் மகனின் தலைமை ஆசிரியரிடம் இதைக் கொண்டுபோகலாம். ஒருநாள் உறுதிமொழி, சுவரொட்டிப் போட்டி எல்லாம் எனக்கு நம்பிக்கையில்லை. கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்தில் 'ரோஷ்னி' என்று ஒரு திட்டம் நடத்தினார்கள். அரசுப் பள்ளிகளில் சேர்ந்த வெளிமாநிலத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழி தெரிந்தவர்களை வைத்து மலையாளம் கற்றுக்கொடுத்தார்கள். பெரியவர்களுக்கு மலையாளம் சொல்லித்தர 'சங்ஙாதி' என்று எழுத்தறிவு இயக்கம் ஒன்றும் நடந்தது. கேரளம் சொர்க்கம் இல்லை, வெளிமாநிலத்தவரைக் கூட்டமாக அடித்துக் கொன்ற வழக்குகள் அங்கேயும் உண்டு. ஆனாலும் பக்கத்து பெஞ்சில் ஒடியாப் பிள்ளை உட்கார்ந்து கணக்கு போடுவதைப் பார்த்து வளர்ந்தவனிடம், "இவங்க எல்லாரும் திருடங்க" என்ற வீடியோ அவ்வளவு சுலபமாக எடுபடாது. திருப்பூரில் அப்படிப் பிள்ளைகள் இருக்கும் பள்ளிகள் இருக்கின்றன. வதந்தியைச் சோதிக்கும் அந்தப் பயிற்சியை உங்கள் மகனையே வைத்து பிளஸ் ஒன் வகுப்புக்கு நடத்தச் சொல்லுங்கள்.

கடைசியாக, "உங்களாலதான் குவியறாங்க" என்ற பேச்சு. இதை வெறும் துவேஷம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். வெறுப்பும் அதில் இருக்கிறது, ஆனால் அதற்குள் ஒரு கூலிக் கணக்கும் இருக்கிறது. வெளிமாநிலத்து ஆளுக்கு ஷிப்டுக்குக் குறைத்துக் கொடுத்து, அதையே காட்டி உள்ளூர் டெய்லரிடம் "இஷ்டம்னா இரு" என்று சொன்னால், அந்த டெய்லரின் கோபம் முதலாளி மேல் போகாது, பக்கத்து மெஷின்காரன் மேல்தான் போகும். 1979-இல் வந்த மாநிலங்களுக்கு இடையே புலம்பெயர் தொழிலாளர் சட்டமே, ஒரே வேலைக்கு உள்ளூர்க்காரருக்குக் கிடைப்பதற்குக் குறையாத கூலி என்றுதான் எழுதியிருந்தது. நீங்கள் எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. வித்தியாசம் இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். கான்ட்ராக்டர் எடுத்துக்கொள்ளும் கமிஷன் போக அவர்கள் கைக்கு எவ்வளவு போகிறது என்றும் கேளுங்கள். சரி செய்துவிட்டால் தெருவில் நிமிர்ந்து பதில் சொல்லலாம்.

வேலை தேடிப் போன இடத்தில் இதே பேச்சை வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான் நாமும். 1966-இல் தொடங்கிய சிவசேனா பம்பாயில் முதலில் குறிவைத்தது 'மதராசி' கிளார்க்குகளையும் உடுப்பி ஓட்டல்களையும்தான். 1991 காவிரிக் கலவரத்தில் பெங்களூர்த் தமிழர்கள் அடிபட்டு மூட்டையோடு ஊர் திரும்பினார்கள். தெருவில் வயதானவர்கள் யாருக்காவது அந்தச் சொந்தக்கதை இருக்கும், அவர்களைப் பேச விடுங்கள். நீங்கள் சொன்னால் முதலாளியம்மா வியாக்கியானம் என்பார்கள்.

தெருவின் குறைகளில் சில உண்மையாகவே இருக்கலாம். லைன் வீட்டில் எத்தனை பேருக்கு எத்தனை கழிப்பறை, குப்பை எங்கே போகிறது, ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் என்று பாருங்கள். இதெல்லாம் நீங்கள் சில ஆயிரம் ரூபாயில் தீர்க்கக்கூடியவை. தீர்க்காமல் விட்டால், அந்த எரிச்சல்தான் அடுத்த வதந்தியை நம்ப வைக்கும். சனிக்கிழமை ராத்திரிச் சம்பளத்தை ரொக்கமாகக் கையில் கொடுக்கும் பழக்கத்தையும் மாற்றுங்கள், வங்கிக் கணக்கில் போடுங்கள். பர்ஸில் வாரக் கூலியோடு நடந்து போகிறார்கள் என்று தெரிந்துதான் அந்த நேரத்தில் மறிக்கிறார்கள்.

ஆட்களின் பெயர், ஊர், ஆதார் நகல் எல்லாம் பதிவேட்டில் ஒழுங்காக இருக்கட்டும். போலீசும் தொழிலாளர் துறையும் கேட்டால் கொடுங்கள். தெருக் குழுவோ வேறு யாருமோ "வடநாட்டுக்காரங்க லிஸ்ட்" கேட்டால் கொடுக்கக் கூடாது. அது எந்தக் கைக்குப் போகும் என்று உங்களால் சொல்ல முடியாது.

இந்த வாரம் டீக்கடைக்காரரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். அவர் கடை முன்னால் நடந்தது, அவருக்குக் கோபம் இல்லாமல் இருக்காது, யார் அந்த நாலு பேர் என்றும் தெரிந்திருக்கும். சாட்சி சொல்லத் தயங்கினால், குறைந்தது அடுத்த தடவை 112-க்குப் போன் செய்யவாவது ஒப்புக்கொள்ள வையுங்கள். புகாரைக் கொடுக்கும் முன் என் அலுவலக மின்னஞ்சலுக்கு ஒரு நகல் அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன், கட்டணம் வேண்டாம். நிலையத்தில் சி.எஸ்.ஆர். மட்டும் கொடுத்து அனுப்பினால் அதன் எண்ணையும் தேதியையும் எழுதுங்கள், ஆணையருக்கு அனுப்ப வேண்டிய மனுவை அன்றைக்கே தயார் செய்துவிடலாம்.